ஆல்கேபேஸ்: புதைபடிவ நன்னீர்ப் பச்சைப் பாசிகளை ஆராய்வோர் பார்வையில் ஒரு மதிப்புரை

ஏரிப் படிவுகளிலிருந்தோ பழைய ஆற்றுச் சமவெளிப் பாறைகளிலிருந்தோ பச்சைப் பாசிகளின் புதைபடிவங்களைப் பிரித்தெடுத்து அவற்றுக்குப் பெயர் தேடும் எவரும், நூலகத்தைத் தேடிப் போவதற்கு முன்பே ஆல்கேபேஸ் என்னும் இணையத் தரவுத்தளத்துக்கு வந்து சேர்வது இன்று வழக்கமாகிவிட்டது. அயர்லாந்தின் கால்வே நகரில் மைக்கேல் கைரி 1996-இல் கடற்பாசிகளுக்காகத் தொடங்கிய இத்தளம், பின்னர் நன்னீர்ப் பாசிகளையும் நிலத்தில் வாழும் பாசிகளையும் சேர்த்துக்கொண்டு, இப்போது உயிர்வாழும் சிற்றினங்கள் 50,000-க்கு மேலும் புதைபடிவச் சிற்றினங்கள் 10,000-க்கு மேலும் கொண்ட பெரும் பதிவேடாக வளர்ந்திருக்கிறது. தேடுவதற்குக் கட்டணம் கிடையாது. பாசிப் பெயர்களின் பதிவேடு என்ற அளவில் இதற்கு ஈடான வேறொன்றை நான் அறியேன். ஆனால் கையிலுள்ள மாதிரி எது என்று கண்டுபிடிக்க இதை மட்டும் நம்பி உட்காரும் மாணவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லையைத் தெளிவாக வரைந்துகொண்டால்தான் இத்தளத்தின் முழுப் பயனும் கிடைக்கும்.

ஒரு சிற்றினத்தின் பெயரைத் தேடினால், அது முதன்முதலில் எந்த ஆண்டில், எந்த வெளியீட்டில், யாரால் விவரிக்கப்பட்டது, பின்னர் எந்தெந்தப் பேரினங்களுக்கு மாற்றப்பட்டது, அதன் இணைப்பெயர்கள் (அதே சிற்றினத்துக்கு இடப்பட்ட பிற பெயர்கள்) யாவை, இன்று ஏற்கப்பட்ட பெயர் எது, வகைப்பாட்டு மரத்தில் அதன் இடம் எது என்பன ஒரே பக்கத்தில் வரிசையாகக் கிடைக்கின்றன. பதிவை உருவாக்கியவர் யார், கடைசியாகச் சரிபார்த்தவர் யார், எப்போது என்ற குறிப்பும் அடியில் இருக்கிறது. பலர் இதைக் கவனிக்காமலேயே கடந்துவிடுகிறார்கள். பதிவின் நம்பகத்தன்மையை எடைபோட அந்த வரிதான் முதலில் பார்க்க வேண்டியது என்பது என் கருத்து.

தளம் மிகுதியாகக் கைகொடுப்பது, நீருக்கடியில் செடிபோல் வளரும் காராப் பாசிகளின் விஷயத்தில்தான். இவற்றின் பெண் இனப்பெருக்க உறுப்பைச் சுற்றியுள்ள சுருள் செல்களில் சுண்ணாம்பு படிந்து, கைரோகோனைட் எனப்படும் சிறு மணியாகப் பாறையில் நிலைத்துவிடுகிறது. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய அளவுடைய இம்மணிகளை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லமார்க் ஒரு சிப்பியினத்தின் ஓடு என்றே கருதிப் பெயரிட்டார். அவை காராவின் இனப்பெருக்க உறுப்புகளே என்பதை 1812-இல் லெமான் எடுத்துக்காட்டினார். லமார்க் இட்ட பேரினப் பெயர் பாசியின் பெயராக இன்றும் வழக்கில் இருப்பதற்கு இந்த வரலாறே காரணம். இப்படிப்பட்ட பெயர்ச் சிக்கல்களைப் பழைய நூல்களைப் புரட்டி அவிழ்க்கப் பல நாள் ஆகும். ஆசிரியர் பெயர்களையும் ஆண்டுகளையும் வரிசைப்படுத்தித் தரும் ஆல்கேபேஸ் பக்கம் அந்த உழைப்பின் பெரும்பகுதியைக் குறைத்துவிடுகிறது.

ஆனால் மணியைப் பார்த்து அது எந்தப் பேரினம் என்று சொல்வதற்கு வேண்டிய அளவீடுகள் இங்கே முறையாகத் தொகுக்கப்படவில்லை. ஆராய்ச்சியாளர் ஒருவர் நுண்ணோக்கியின் கீழ் முதலில் பார்ப்பது சுருள்களின் திசையை. டெவோனியன் காலத்து (ஏறத்தாழ 42 முதல் 36 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய) டிரோக்கிலிஸ்கஸில் அவை வலஞ்சுழியாகச் செல்கின்றன. அதே காலத்துச் சிசிடியத்தில் சுருளே இல்லாமல் செல்கள் நெடுக்காக நிற்கின்றன. இன்றைய காரா, நிட்டெல்லா ஆகியவற்றை உள்ளடக்கிய வரிசையில் ஐந்து செல்கள் இடஞ்சுழியாகச் சுற்றியிருக்கின்றன. அடுத்து மணியின் உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம், பக்கவாட்டில் தெரியும் சுருள்களின் எண்ணிக்கை, உச்சியில் செல்கள் கூடும் விதம், அடித்தட்டு ஒரே துண்டா பல துண்டுகளா என்ற கேள்வி, மேற்பரப்பில் முடிச்சுகளோ மேடுகளோ உள்ளனவா என்பது ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு மணியை மட்டும் அளந்து முடிவு சொல்வதும் கூடாது. ஒரே செடியில் விளைந்த மணிகளே அளவில் வேறுபடுவதால், ஒரு தொகுதியையே அளந்து அதன் பரவலைக் கொண்டு பேச வேண்டும். ஆல்கேபேஸ் மூல விவரிப்பு வெளியான இடத்தைக் காட்டும். அந்த விவரிப்பைத் தேடிப் படிப்பது நம் வேலை.

இந்தியச் சூழலில் இதன் பயனைச் சோதிக்க ஏற்ற இடம் தக்காணத்து எரிமலைப் பாறை அடுக்குகளின் இடையே அகப்பட்டுள்ள ஏரிப் படிவுகள். மத்தியப் பிரதேசத்தின் சௌசரில் கிடைத்த ஒரு காராவை பீர்பல் சாஹ்னியும் எஸ். ஆர். என். ராவும் 1943-இல் காரா சௌசரி என்ற பெயரில் விவரித்தனர். அதன் பிறகு இந்தப் படிவுகளிலிருந்து பிளாட்டிகாரா, பெக்கிகாரா, மைக்ரோகாரா முதலிய பேரினங்கள் பதிவாகியுள்ளன. உயரத்தைவிட அகலம் மிகுந்த தட்டையான மணி பிளாட்டிகாராவை நினைவூட்டும். சிறிய நீள்வட்ட மணியைக் கண்டால் மைக்ரோகாராவின் பக்கம் மனம் போகும். இப்பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடி, எவை எந்தக் குடும்பத்தில் வைக்கப்பட்டுள்ளன என்று பார்ப்பது, வகைப்பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு மிக நல்ல வகுப்புப் பயிற்சி.

புதைபடிவத்துக்கே உரிய இன்னொரு சிக்கலையும் பயனர் மனத்தில் கொள்ள வேண்டும். பாறையில் தண்டு ஓரிடத்திலும் மணி வேறிடத்திலும் கிடைப்பதால், ஒரே செடியின் வெவ்வேறு பகுதிகள் வெவ்வேறு பேரினப் பெயர்களைப் பெற்றிருக்கலாம். காராவைப் போன்ற தண்டுத் துண்டுகளுக்குக் காராக்ஸிஸ் என்ற தனிப்பெயர் உண்டு. ஸ்காட்லாந்தின் ரைனி சிலிக்காப் பாறையில் காணப்படும் பேலியோநிட்டெல்லாவைக் கிட்ஸ்டனும் லாங்கும் 1921-இல் உடற்பகுதியைக் கொண்டே விவரித்தார்கள். தரவுத்தளத்தில் இரண்டு பெயர்கள் அருகருகே நிற்பதால் இரண்டு செடிகள் இருந்தன என்று பொருள் கொள்ளக்கூடாது. ஒரு பேரினம் எந்த உறுப்பின்மேல் நிறுவப்பட்டது என்பது பக்கத்தின் தலைப்பிலேயே தெரியுமாறு குறிக்கப்பட்டால் புதைபடிவத் துறையினருக்கு அது பேருதவியாக இருக்கும்.

சுண்ணாம்பு இல்லாத பாசிகளில், தட்டையான செல்கூட்டமாக வாழும் நுண்பாசியான பெடியாஸ்ட்ரத்தின் கதை வேறு. அதன் செல்சுவர் அமிலங்களைத் தாங்குவதால், மகரந்த ஆய்வுக்காகப் பாறையைக் கரைக்கும்போது அது கண்ணாடித் தகட்டில் மகரந்தத் துகள்களோடு வந்து நிற்கிறது. டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலம் முதல் அதன் தடங்கள் உண்டு. 2005-இல் மரபணு ஆதாரத்தின் அடிப்படையில் இப்பேரினம் பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, நெடுநாள் பழகிய பெடியாஸ்ட்ரம் போரியானம் சூடோபெடியாஸ்ட்ரம் ஆயிற்று. பெடியாஸ்ட்ரம் சிம்ப்ளெக்ஸ் மோனாக்டினஸுக்குச் சென்றது. பழைய பெயரோடு எழுதப்பட்ட ஏரிப்படிவுக் கட்டுரைகளைப் புதிய பெயர்களோடு பொருத்திப் பார்க்க ஆல்கேபேஸின் இணைப்பெயர்ப் பட்டியல் இன்றியமையாதது. இங்கே நல்வாய்ப்பாக, புதிய பிரிவுகளில் பெரும்பாலானவற்றை நுண்ணோக்கியில் தெரியும் வடிவத்தைக் கொண்டே பிரித்தறிய முடிகிறது: விளிம்புச் செல்லில் ஒரே கொம்பு இருப்பது மோனாக்டினஸ், கூட்டத்தின் நடுவே இடைவெளிகள் இருந்தால் பெடியாஸ்ட்ரம் டூப்ளெக்ஸின் பக்கம் பார்க்கலாம். உடைந்த துண்டு மட்டுமே கிடைத்தால், பேரினத்தைத் தாண்டி எதையும் எழுதாமல் விடுவதே நேர்மை.

திரளாக வாழும் இன்னொரு நுண்பாசியான போட்ரியோகாக்கஸில் நிலைமை தலைகீழ். உயிருள்ள போட்ரியோகாக்கஸ் பிரவுனையில் உற்பத்தியாகும் ஹைட்ரோகார்பன்களைக் கொண்டு ஏ, பி, எல் என வேதிப் பிரிவுகள் வகுக்கப்பட்டுள்ளன. ஆனால் படிவில் கிடைக்கும் மஞ்சள் கலந்த பழுப்புநிறத் திரளின் வடிவம் அவற்றைப் பிரித்துக் காட்டுவதில்லை. டார்பனைட் என்ற பாசிக் கரியே இத்தகைய பாசித் திரள்களால் ஆனது. அது கரியா இல்லையா என்று 1853-இல் எடின்பரோவில் வழக்கே நடந்தது. நுண்ணோக்கியில் பார்த்தவர்களும் சாட்சி சொன்னார்கள். வடிவத்தை வைத்து ஒரு பொருளை வகைப்படுத்துவதில் எவ்வளவு பணமும் மானமும் தொங்கக்கூடும் என்பதற்கு அது பழைய எடுத்துக்காட்டு. புதைபடிவத்தைப் பிரவுனை என்று எழுதும்போது அது வடிவ ஒப்புமையை மட்டுமே குறிக்கிறது என்பதைத் தரவுத்தளம் சொல்லாது, ஆய்வாளர்தான் தம் கட்டுரையில் சொல்லவேண்டும்.

பெயரிடும் விதி ஒன்றும் இத்தளத்தைப் படிக்கும்போது தெரிந்திருக்க வேண்டும். டயட்டம்கள் (சிலிக்கா ஓடுடைய நுண்பாசிகள்) நீங்கலாக, புதைபடிவமல்லாத மாதிரியை வகைமாதிரியாக, அதாவது பெயருக்கு ஆதாரமான மாதிரியாகக் கொண்ட பெயருக்கு, அதே தரநிலையிலுள்ள புதைபடிவப் பெயரைவிட முன்னுரிமை உண்டு. புதைபடிவப் பெயர் பழமையானது என்பதால் அது வெல்லாது. ஸ்பைரோகைரா போன்ற இழைப் பாசிகளின் ஓய்வு வித்துகளை ஓவாய்டைட்ஸ் என்ற புதைபடிவப் பெயரோடு ஒப்பிட்டு எழுதுவோர் இவ்விதியை மறவாமல், இரு பெயர்களையும் தனித்தனியே தேடிப் பார்ப்பது நல்லது.

படங்கள் குறித்து ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். உயிருள்ள பாசிகளுக்குக் கிடைக்கும் அளவுக்குப் புதைபடிவங்களுக்குப் படங்கள் இல்லை. பக்கவாட்டு, உச்சி, அடி என மூன்று கோணங்களிலும் அளவுகோலுடன் எடுத்த கைரோகோனைட் படங்கள் வகைமாதிரிகளுக்காவது இருந்தால் தளத்தின் மதிப்பு பன்மடங்கு உயரும். உள்ளடக்கம் பதிப்புரிமைக்கு உட்பட்டது என்றாலும், கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் சிறு அளவில் எடுத்தாளலாம். மொத்தமாகப் பதிவிறக்கித் தம் தரவுத்தளம் அமைக்க விரும்புவோர் அனுமதி பெறவேண்டும். பதிவுகள் அடிக்கடி திருத்தப்படுவதால், மேற்கோள் காட்டும்போது பார்த்த நாளையும் சேர்த்து எழுதவேண்டும். கட்டுரையின் பெயர்ப்பட்டியலில் புதைபடிவத்துக்குத் தாம் கண்ட பெயரையும் தளம் ஏற்கும் பெயரையும் பக்கத்துப் பக்கமாக இரு நிரல்களில் தருவதையே நான் பரிந்துரைக்கிறேன்.