லட்லம் மாடல் 3 மீட்டர், 44-9 பான்கேக் ப்ரோப்: அயோடின் வார்டுக்கு வாங்கலாமா?

தைராய்டு நோய்க்கான அயோடின்-131 சிகிச்சை முடிந்து நோயாளி வீட்டுக்குப் போனதும் அறையில் எங்கெங்கே கதிர்வீச்சுப் பொருள் ஒட்டியிருக்கிறது என்று தேட, கதிர்வீச்சை எண்ணும் இந்த மீட்டர்-ப்ரோப் ஜோடியை நம்பி வாங்கலாம். அயோடினின் பீட்டா கதிர் 606 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை போகும். ப்ரோபுக்குள் இருக்கும் கைகர் குழாயின் மைக்கா சன்னல் சதுர செ.மீ.க்கு 1.7 மில்லிகிராம்தான் என்பதால் அது எளிதாக உள்ளே நுழைகிறது. காமா கதிர் அப்படியல்ல, பெரும்பகுதி பதிவாகாமலே கடந்துவிடும். ஆகவே பெரும்பாலும் காமாவே தரும் டெக்னீசியம்-99எம் மட்டும் கையாளும் ஸ்கேன் பிரிவுக்கு இது வேண்டாம். காமாவை நன்றாகப் பிடிக்கும் சோடியம் அயோடைடு படிக ப்ரோப் வாங்குங்கள்.

மீட்டருக்கு டி சைஸ் பேட்டரி இரண்டு போதும். முள் டயல் பழைய பாணிதான். ஆனால் தேடும்போது கண் ப்ரோபின் மேல் இருக்க வேண்டும், எண்ணிக்கையைக் காது பார்த்துக்கொள்ளும். ஸ்பீக்கரை அணைக்கவே கூடாது. முள் அசையும் வேகத்துக்கான சுவிட்சில், தேட வேக நிலை, அளவைக் குறிக்க மெது நிலை.

முதலில் பேட்டரி சோதனை, பிறகு அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் பின்னணி அளவு. ப்ரோபை மெல்லிய கிளிங் ஃபிலிமால் மூடி, பரப்பிலிருந்து 1 செ.மீ. உயரத்தில், நொடிக்கு 3 முதல் 5 செ.மீ. நகர்த்துங்கள். டாய்லெட் சீட்டின் அடிப்பக்கம், அதைச் சுற்றிய தரை, குழாய்ப்பிடி, தலையணை, டிவி ரிமோட் ஆகியவற்றில்தான் அதிகம் சிக்கும். முள் ஏறினால் 3 மி.மீ. அக்ரிலிக் தகட்டை இடையில் வையுங்கள். அளவு சரிந்தால் பொருள் அந்தப் பரப்பிலேயே இருக்கிறது. அளவு குறையாவிட்டால் வருவது காமா. சுவருக்குப் பின்னாலோ பக்கத்துக் குப்பைப் பையிலோ தேடுங்கள். நோயாளி உள்ளே இருக்கும்போது இந்த அளவீடு பயன்படாது, அவர் உடலின் காமாவே முள்ளைத் தள்ளிவிடும். அப்போது 100 சதுர செ.மீ. பரப்பை வடிதாளால் துடைத்து, தாளை வேறிடத்தில் எண்ணுங்கள்.

மீட்டர் காட்டும் சிபிஎம்மை (நிமிடத்துக்கான எண்ணிக்கையை) அப்படியே பதிவேட்டில் எழுதுவது பரவலான பிழை. பின்னணி கழித்து 600 சிபிஎம் என்றால் நொடிக்கு 10. அளவுத்திருத்தச் சான்றிதழில் அயோடினுக்குத் திறன் (சிதைவுகளில் எண்ணப்படும் பங்கு) 15 விழுக்காடு என்றிருந்தால், சன்னல் பரப்பு 15 சதுர செ.மீ.க்கு, சதுர செ.மீ.க்குச் சுமார் 4.4 பெக்கரல், அதாவது நொடிக்கு 4.4 சிதைவு.

பெரிய சிந்தலில் எச்சரிக்கை வேண்டும். குழாயின் செயலற்ற நேரம் (ஒன்றை எண்ணியபின் அடுத்ததை எண்ண முடியாத இடைவெளி) 80 மைக்ரோ நொடி அளவில் இருப்பதால், 1 லட்சம் சிபிஎம் காட்டும்போதே உண்மையில் 13 விழுக்காடு விடுபட்டிருக்கும். சிந்தலைத் துடைக்க ஹைப்போகுளோரைட்டோ (பிளீச்சிங் திரவம்) அமிலமோ வேண்டவே வேண்டாம்: அயோடின் ஆவியாகி மூச்சில் போகும். சோடியம் தயோசல்ஃபேட் கரைசலால், வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கித் துடைக்க வேண்டும். துப்புரவுப் பணியாளர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும்.

மைக்கா மிக மென்மையானது. கட்டில் கம்பி முனை குத்தினால் குழாயையே மாற்ற வேண்டும், ஒட்ட முடியாது. கேபிளை இணைப்பருகே மடக்கினால் பொய் எண்ணிக்கை வரும். சந்தேகம் வந்தால் அசைத்துப் பாருங்கள்.

கழிவுப் பைகளுக்கு இந்த ப்ரோப் போதாது, உள்ளே புதைந்த பீட்டா வெளியே வராது. அயோடின் பை 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். கடைசி அளவை சோடியம் அயோடைடு ப்ரோபால் எடுங்கள். இன்னொரு சிகிச்சைப் பொருளான லுட்டீசியம்-177 பைகளைத் தனியாகவே வையுங்கள்: கேரியர் (கதிர்வீச்சற்ற லுட்டீசியம்) சேர்த்துத் தயாரித்ததில் 160 நாள் அரை ஆயுள் கொண்ட லுட்டீசியம்-177எம் கலந்திருக்கும்.