கைட்போர்டிங் கற்றுத்தருகிறேன் என்று ஏரிக்கு அழைத்தால் போகாதீர்கள்: வேலூர், ராணிப்பேட்டை நண்பர்களுக்கு

போன வாரம் பழைய பொருள் விற்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு படம் வந்தது. நீலமும் மஞ்சளும் கலந்த கைட், அதாவது காற்றடைத்துப் பறக்கவிட்டால் ஆளைத் தண்ணீர் மேல் இழுத்துப் போகும் பெரிய பட்டம். கூடவே அதைக் கையில் பிடித்து ஓட்டும் பார், இடுப்பில் கட்டும் ஹார்னஸ், காலுக்கு ஒரு போர்டு. "ஒரே சீசன் பயன்படுத்தியது, புதிதாகக் கற்பவர்களுக்கு ஏற்றது, பயிற்சியும் தரப்படும், காட்பாடியில் நேரில் பார்க்கலாம்" என்று கீழே எழுதியிருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது நுனியிலிருந்து ஒரு சாண் உள்ளே பழுப்பு நூலில் ஒரு தையல் இருந்தது. அது நான் போட்ட தையல். 2022 ஆடி மாதத்தில் என் இடது காறை எலும்பு முறிந்தது அந்தக் கைட்டால்தான்.

இதுவரை இதை வெளியே சொல்லாமல் இருந்தேன். அதே கைட் இன்னொருவர் கைக்குப் போகப் போகிறது என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை. ராமேஸ்வரம் போனபோது கடலில் கைட் பிடித்துக்கொண்டு பலகையில் போகிறவர்களைப் பார்த்தேன். அன்றே ஆசை வந்துவிட்டது. ஊருக்குத் திரும்பி விசாரித்ததில் ஒருவர் கிடைத்தார். அவர் பெயரோ எண்ணோ இங்கே போடப்போவதில்லை. முழுச் செட் 62,000 ரூபாய், இரண்டு நாள் பயிற்சிக்குத் தனியாக 6,000 என்றார். "எதுக்குண்ணா ராமேஸ்வரம் வரைக்கும் போகணும்? நம்ம ஏரியிலயே கத்துக்கலாம். ஆடிக்காத்துல அம்மியே பறக்கும், இது பறக்காதா?" என்று கேட்டார். லீவு போட வேண்டாம், ரயில் டிக்கெட் வேண்டாம், தங்க அறை வேண்டாம். அந்த வசதியைத்தான் நான் காசு கொடுத்து வாங்கினேன்.

அந்த ஏரி எது என்று சொல்லவில்லை, ஏனென்றால் குறை அந்த ஏரியில் இல்லை. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த மழையில் நிரம்பிய ஏரியில் அடுத்த ஆடியிலும் தண்ணீர் கிடந்தது. பார்க்க அமைதியாக, அகலமாக, கடல் மாதிரிதான் இருந்தது.

ஆனால் நம் பக்கத்து ஏரிகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். நிலம் கிழக்கே சரிவதால் பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை கிழக்கில் இருக்கும். ஆடியில் அடிப்பது மேல்காற்று. மேற்குப் பக்கம் நீர்பிடிப்பில் இறங்கினால் தண்ணீர் முழங்கால் ஆழம், இடுப்பு ஆழம்தான். ஆனால் காற்று முதுகிலிருந்து ஏரிக்குள் தள்ளும். கைட் உங்களை இழுத்துக்கொண்டு போனால் ஆழமான பக்கத்துக்கு, மதகு இருக்கும் பக்கத்துக்குத்தான் போய்ச் சேர வேண்டும். சரி, கிழக்கே கரையோரமாக நிற்கலாமா? அங்கே ஆழம் அதிகம். முதுகுக்குப் பின்னால் கல் பதித்த கரை, அதைத் தாண்டினால் பம்பு செட்டுகளுக்குப் போகும் மின்கம்பி. கைட்டின் கயிறே 24 மீட்டர் நீளம் இருக்கும், அது கரையைத் தாண்டி வயலுக்கு மேலேதான் நிற்கும். ஆக எந்தப் பக்கம் நின்றாலும் தப்பு. இதை யோசிக்க எந்தப் பயிற்சியும் தேவையில்லை. யாராவது ஒருவர் காற்று எங்கிருந்து எங்கே போகிறது என்று என்னைக் கேட்டிருந்தால் போதும், எனக்கே புரிந்திருக்கும்.

தண்ணீருக்குள் இருப்பதையும் சொல்ல வேண்டும். பல ஏரிகளின் உட்புறத்தில் கருவேல மரம் வளர்த்து ஏலம் விட்டு வெட்டுவார்கள். வெட்டிய அடிக்கட்டைகள் அப்படியே நிற்கும். தண்ணீர் இருக்கும்போது அவை கண்ணில் படாது. மீன் குத்தகைக்காரர்கள் வலை கட்ட நட்ட குச்சிகளும் இருக்கும்.

முதல் நாள் சாயங்காலம் செட்டை வீட்டுக்கு எடுத்து வந்து விரித்துப் பார்த்தேன். நுனிப் பக்கம் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். போன் செய்தேன். "தைச்சிடுங்கண்ணா, ஒண்ணும் ஆகாது" என்றார். ஷூவுக்குப் போடும் மெழுகு நூலில் நானே தைத்தேன். கைட் துணியைத் தடித்த ஊசியில் தைத்தால் ஓட்டைகள் வரிசையாக விழுந்து, அந்த வரிசையிலேயே துணி கிழியும் என்று எனக்கு அப்போது தெரியாது. அதற்கென்று இருக்கும் ஒட்டும் துணியைத்தான் ஒட்ட வேண்டுமாம். கைட்டின் ஓரத்தில் அதன் அளவு 12 என்று அச்சிட்டிருந்தது. பேசும்போது 9 என்றுதான் சொல்லியிருந்தார். கேட்டதற்கு, "பெரிசா இருந்தா சீக்கிரம் தண்ணி மேல நின்னுடலாம்" என்றார். என் எடை 58 கிலோ. இந்த எடைக்கு 12 சதுர மீட்டர் கைட் என்பது 13, 15 நாட் காற்றுக்கு உரியது. 20 நாட் தாண்டினால் 8 அல்லது 9 போதும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது இழுக்கும் பலம் நான்கு மடங்காகும். இந்த ஒரு கணக்குத் தெரிந்திருந்தால் அன்று நான் கைட்டைத் தூக்கியிருக்க மாட்டேன்.

இரண்டாம் நாள் மதியம் மூன்று மணி இருக்கும். ஹெல்மெட் இல்லை, லைஃப் ஜாக்கெட் இல்லை. முதல் நாள் முழுக்கக் கயிறு மாட்டுவதிலும் பம்ப் அடிப்பதிலுமே போயிருந்ததால், நான் கைட்டைக் காற்றில் நிறுத்தியது மொத்தமாக ஒரு மணி நேரம்கூட இருக்காது. மேற்கே மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "மழ வர்ற மாதிரி இருக்குது தம்பி, தண்ணியவிட்டு ஏறு" என்று சொன்னார். பயிற்சி தருபவர், "இன்னும் அஞ்சு நிமிஷம்ணா" என்றார். நான் அவர் பேச்சைக் கேட்டேன், பெரியவர் பேச்சைக் கேட்கவில்லை.

ஆடி, ஆவணியில் நம் பக்கம் சாயங்கால இடிமழை எப்படி வரும் என்று தெரியுமில்லையா. முதலில் காற்று அடங்கிவிடும். அப்புறம் குளிர்ந்த காற்று ஒன்று திடீரென்று வேறு திசையிலிருந்து வந்து மோதும். அதேதான் நடந்தது. தொங்கிக்கொண்டிருந்த கைட் ஒரே வீச்சில் பக்கவாட்டில் பாய்ந்து என்னைத் தண்ணீரோடு இழுத்தது. பயிற்சி தருபவர் கரையிலிருந்து "பாரை விடுங்க, பாரை விடுங்க" என்று கத்தினார். விட்டேன். இழுப்பு குறையவே இல்லை.

ஏன் குறையவில்லை என்று பிறகுதான் புரிந்தது. பிரான்ஸைச் சேர்ந்த லெகேன்யூ சகோதரர்கள் 1984இல் காற்றடைத்த கைட்டுக்குக் காப்புரிமை கோரினார்கள். அதிலிருந்து வந்த பழைய கைட்டுகள் ஆங்கில சி எழுத்து மாதிரி வளைந்திருக்கும். பாரை விட்டாலும் அவற்றின் இழுப்பு பெரிதாகக் குறையாது. 2005, 2006 வாக்கில் தட்டையான போ வகை பரவிய பிறகுதான், பாரை விட்டால் பெரும்பகுதி பலம் போய்விடும் என்ற நிலை வந்தது. எனக்கு விற்றது பழைய சி வகை. 'ஒரே சீசன்' என்று சொன்னது அப்பட்டமான பொய்.

பாரை விட்டும் அடங்காவிட்டால் இடுப்பருகே இருக்கும் குவிக் ரிலீஸை, அதாவது கைட்டின் இழுப்பை உடனே துண்டிக்கும் அவசரப் பிடியை, தள்ள வேண்டும். தள்ளினேன். அது அசையவில்லை. உள்ளே உப்பும் மணலும் இறுகிக் கிடந்தன. முப்பது நாற்பது அடி இழுபட்டு, தண்ணீருக்குள் இருந்த ஒரு கட்டையில் தோள் மோதியது. கைட் போய்ச் சீமைக் கருவேலம் புதரில் மாட்டியதால் நின்றேன். புதருக்கு அப்பால், எண்ணி ஐந்தாறு மீட்டர் தள்ளி மின்கம்பி போனது. அந்தக் கம்பியை நினைத்தால் இன்றும் தூக்கம் கெடுகிறது.

தூக்கிவிட்டது அந்தப் பெரியவர்தான். பயிற்சி தந்தவர் முதலில் கைட்டைப் புதரிலிருந்து எடுக்கப் போனார். அப்புறம் தன் பைக்கில் என்னைக் கொண்டுபோய் மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். ஆறு வாரம் கை தூளியில் தொங்கியது. பாதிப் பணமாவது தருகிறேன் என்று சொல்லிச் செட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பணம் வரவில்லை, போனும் எடுக்கவில்லை.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று ஒரு வழக்கறிஞர் சொன்னார். பில் இல்லாவிட்டாலும் யுபிஐ பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் சான்றாகும், பயிற்சிக்குத் தனியாகக் காசு வாங்கியிருப்பதால் அது சேவை என்றே வரும் என்றார். சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். நான் போன் மாற்றியபோது பேச்சுப் பதிவுகளை இழந்தேன், காலத்தையும் கடத்திவிட்டேன். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் இன்றே எல்லாவற்றையும் படமெடுத்து வேறு இடத்தில் சேமித்து வையுங்கள்.

ஆசை விடவில்லை. 2024 ஜனவரியில் ராமேஸ்வரம் போய் முறையாகக் கற்றேன். முதல் நாள் போர்டைக் கண்ணிலேயே காட்டவில்லை. மணலில் இரண்டு மூன்று சதுர மீட்டர் சின்னக் கைட்டை வைத்துக்கொண்டு காற்றில் எந்த இடத்தில் பலம், எந்த இடத்தில் இல்லை என்று மட்டும் காட்டினார்கள். குவிக் ரிலீஸை என் கையால் இருபது தடவைக்கு மேல் தள்ளித் திரும்ப மாட்ட வைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டும் செய்ய வேண்டும் என்றார்கள். அப்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குப் பிறகு போர்டு இல்லாமல் தண்ணீரில் கைட்டோடு இழுபட்டுப் போய்க் கரைக்குத் திரும்புவது. போர்டு வந்தது மூன்றாம் நாள்.

அங்கே காற்று கடலைக் கடந்து வருகிறது. குளிர்காலத்தில் வாடை, கோடையில் தென்மேற்கிலிருந்து. குறுக்கே மலையும் மரமும் கட்டடமும் இல்லாததால் சீராக இருக்கும். நம் ஊர்க் காற்று ஜவ்வாது மலையிலும் குன்றுகளிலும் முட்டி உடைந்து வருவது. போன் ஆப்பில் 14 நாட் என்று போட்டிருக்கும். அது பரந்த இடத்துக்கான சராசரி. நீங்கள் நிற்கிற இடத்தில் ஒரு நிமிடம் 6, மறு நிமிடம் 22 அடிக்கும்.

சென்னைப் பக்கம், கோவளம், மாமல்லபுரம் கிட்டதானே என்று கேட்பீர்கள். நன்றாகக் கற்றவர்களுக்குச் சரி. புதியவர்களுக்கு அங்கே இரண்டு ஆபத்து. ஒன்று, அலை கரையிலேயே உடையும், கால் ஊன்றவே விடாது. இரண்டாவது, ஜூன், ஜூலையில் காலை நேரத்தில் அங்கேயும் மேல்காற்றுதான். அது கரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று. மதியம் கடல்காற்று திரும்பும்வரை யாரும் கைட்டைத் தூக்கக் கூடாது. காற்று கரைக்குப் பக்கவாட்டிலோ சற்றுச் சாய்வாகக் கரையை நோக்கியோ வர வேண்டும். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து காற்று போகும் திசையில் குறைந்தது நூறு மீட்டர் வெற்றிடம் வேண்டும். படகு, கம்பம், ஆள் எதுவும் இருக்கக் கூடாது.

பொருளைக் கடைசியாகத்தான் வாங்க வேண்டும். பயிற்சி முடியும்வரை அவர்களுடையதே போதும். பழையது வாங்கினால் துணியைக் கசக்கிப் பாருங்கள், புதுத்தாள் மாதிரி சலசலக்க வேண்டும். துவண்டு கிடந்தால் வெயிலில் செத்த துணி. வாயை வைத்து ஊதினால் மறுபக்கம் காற்று வரக் கூடாது. பம்ப் அடித்து இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் அமுக்கிப் பாருங்கள். நான்கு கயிறுகளின் முனையையும் ஒரே ஆணியில் மாட்டிப் பாரை இழுத்தால் நான்கும் ஒன்றாக இறுக வேண்டும். குவிக் ரிலீஸை உங்கள் முழு எடையையும் கொடுத்துத் தொங்கிக்கொண்டு தள்ளிப் பாருங்கள். ஒரே தள்ளில் திறக்காவிட்டால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். இம்பாக்ட் வெஸ்ட் என்று தருவது அடியைத்தான் தாங்கும், லைஃப் ஜாக்கெட் மாதிரி உங்களை மிதக்க வைக்கும் என்று நம்பாதீர்கள். சொல்லித்தருபவரிடம் ஐகேஓ (சர்வதேச கைட்போர்டிங் அமைப்பு) சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். உண்மையான பயிற்றுநர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

தினமும் நூறு ஜோடி ஷூவில் தையலை இழுத்துப் பார்ப்பவன் நான். என் உயிரைக் கட்டித் தொங்கவிடும் பொருளை அப்படிப் பார்க்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

படத்தைப் பார்த்த அன்றே அந்தக் குழுவில் விலை விசாரித்திருந்த ஒரு கல்லூரித் தம்பியைத் தனியாக அழைத்துப் பேசினேன். குடியாத்தத்துப் பையன். 5,000 ரூபாய் முன்பணம் ஏற்கெனவே அனுப்பியிருக்கிறான். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். மீதியை அனுப்பாதே, ஞாயிற்றுக்கிழமை போகாதே, முன்பணத்தைத் திரும்பக் கேள், நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் அண்ணா என்றான். வேறு யாராவது பணம் கட்டியிருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே போய்க் கேட்போம்.