சம்பாலெஸ் கரையிலிருந்து பார்த்தால்: அந்நியப் படைகள் குறித்துப் பிலிப்பைன்ஸ் முன்னுள்ள நான்கு வழிகள்

லூசோன் தீவின் மேற்குக் கரையோரம் நீண்டு கிடக்கும் மாகாணம் சம்பாலெஸ். அதன் தென்கோடியில் உள்ள சூபிக் விரிகுடா, அமெரிக்கக் கடற்படை உலகெங்கும் வைத்திருந்த மிகப் பெரிய தளங்களுள் ஒன்றாக இருந்தது. 1992 நவம்பர் 24 அன்று அங்கிருந்த கடைசி அமெரிக்கப் படையினர் கப்பலேறினர். அதே மாகாணத்தின் வடபகுதியில் மசின்லோக் என்னும் மீனவ ஊர் இருக்கிறது. லூசோன் கரையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 120 கடல் மைல் தொலைவில் உள்ள ஸ்கார்பரோ திட்டுக்கு அவ்வூர்ப் படகுகள் தலைமுறைகளாகப் போய் வந்தன. அத்திட்டின் பழைய ஸ்பானியப் பெயரான 'பாஹோ தெ மசின்லோக்' என்பதிலேயே அந்த ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2012 முதல் அந்தத் திட்டு சீனக் கடலோரக் காவல்படையின் பிடியில் உள்ளது. ஒரு வல்லரசு மூட்டை கட்டிக்கொண்டு போனதையும் மற்றொன்று வந்து அமர்ந்ததையும் இருபதே ஆண்டுகளுக்குள் ஒரே கடற்கரை கண்டிருக்கிறது. போதாக்குறைக்கு, சூபிக் தளம் இயங்கிய காலத்தில் அமெரிக்கப் படைகள் குண்டு வீசிப் பழகிய இடமும் இந்த ஸ்கார்பரோதான்.

வெளிநாட்டுப் படைகள் பற்றிய பிலிப்பைன்ஸ் விவாதத்தை 'அமெரிக்காவா, சீனாவா' என்ற ஒற்றைக் கேள்வியாகச் சுருக்கிவிடுவது நம் நாளிதழ்களின் வழக்கம். அந்த நாட்டில் உண்மையில் நான்கு நிலைப்பாடுகள் மோதுகின்றன. அமெரிக்கக் கூட்டை இறுக்கிப் பிடிப்பது முதலாவது. பெய்ஜிங்குடன் சமரசம் செய்துகொள்வது இரண்டாவது. எந்த அந்நியப் படையும் வேண்டாம் என்பது மூன்றாவது. சொந்தப் படையை வளர்த்துக்கொண்டு பல நாடுகளோடும் கைகோப்பது நான்காவது. இவற்றை மூன்று கேள்விகளால் உரசிப் பார்க்கலாம். கடலுக்குப் போகிறவருக்கு என்ன கிடைத்தது? படைகள் வந்து தங்கும் ஊரில் யாருடைய சட்டம் செல்லும்? நாளைக்கு மனம் மாறினால், எடுத்த முடிவிலிருந்து வெளியே வர முடியுமா?

வரலாற்று வரிசைப்படி, எந்த அந்நியப் படையும் வேண்டாம் என்ற வழியிலிருந்து தொடங்குவதே முறை. 1947-ல் கையெழுத்தான தள ஒப்பந்தம் 99 ஆண்டுகளுக்கானது. பின்னர் அது 1991-ல் முடியும்படி சுருக்கப்பட்டது. மார்கோஸ் சர்வாதிகாரம் வீழ்ந்தபின் எழுதப்பட்ட 1987 அரசமைப்புச் சட்டம், 1991-க்குப் பிறகு செனட் ஒப்புதல் பெற்ற உடன்படிக்கை இன்றி அந்நியத் தளங்களோ படைகளோ நாட்டில் இருக்கலாகாது என்று விதித்தது. 1991 ஜூன் 15 அன்று பினாதூபோ எரிமலை வெடித்து அமெரிக்கரின் கிளார்க் விமானத் தளத்தைச் சாம்பலால் மூடியபோது, பேரத்தில் எஞ்சியது சூபிக் மட்டுமே. அதைப் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கும் உடன்படிக்கைக்கு அதிபர் கொரசோன் அகினோ நேரில் வீதியில் இறங்கி ஆதரவு திரட்டினார். ஆனாலும் செப்டம்பர் 16 அன்று, ஹோவிதோ சலோங்கா தலைமை வகித்த செனட் அதை 12-க்கு 11 என்ற கணக்கில் நிராகரித்தது. நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் தேவைப்பட்டதால் எட்டுப் பேர் எதிர்த்திருந்தாலே அது தோற்றிருக்கும். எதிர்த்த பன்னிருவரில் அதிபரின் மைத்துனரும் ஒருவர்.

இந்த முடிவை உணர்ச்சிவசப்பட்ட செயல் என்று ஏளனம் செய்பவர்கள் இரண்டு உண்மைகளை மறந்துவிடுகிறார்கள். முதலாவது, சூபிக் பட்டினி கிடக்கவில்லை. தடையற்ற வணிக மண்டலமாக மாறிய பின், தளத்தின் காலத்தைவிடக் கூடுதலானோர் அங்கு வேலை பார்த்தனர். இரண்டாவது, தளம் விட்டுச்சென்ற கழிவு. நச்சுப்பொருள்களும் கல்நாரும் கலந்த மண்ணைத் துப்புரவு செய்யும் கடமையை ஒப்பந்தத்தின் எந்த ஷரத்தும் அமெரிக்காவின் மீது சுமத்தவில்லை. தளங்களை ஒட்டிய ஒலோங்காப்போ, ஆஞ்ஜெலெஸ் நகரங்களில் அமெரிக்கத் தந்தையர் விட்டுச்சென்ற பிள்ளைகளின் கதையும் இந்தக் கணக்கில் சேர்ந்தது.

முதல் கேள்விக்கு விடை சொல்லும் இடத்தில்தான் இவ்வழி தடுமாறுகிறது. சூபிக் காலியாகி மூன்றாண்டு முடியுமுன், 1995-ல், தென்சீனக் கடலின் மிஸ்சீஃப் திட்டில் சீனக் கட்டுமானங்கள் முளைத்தன. அமெரிக்கா போனதால்தான் சீனா வந்தது என்று இதற்கு ஒரு வரியில் விளக்கம் சொல்வார்கள். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. அந்நியரை அனுப்பியவர்கள் அந்த இடத்தில் தங்கள் கடற்படையை நிறுத்தியிருக்க வேண்டும். அதற்கான படை நவீனமயச் சட்டம் 1995-ல் நிறைவேறியது. 1997-ன் ஆசிய நிதி நெருக்கடி வந்து, சட்டம் இருக்கப் பணம் இல்லாமல் போயிற்று. 1999-ல் அதே கடலின் அயுங்கின் திட்டில் உரிமையை நிலைநாட்ட மணிலா செய்தது, இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்கத் தரையிறங்கு கப்பலான சியெரா மாத்ரேயை வேண்டுமென்றே தரைதட்ட வைத்ததுதான். துருவேறி ஓட்டை விழுந்த அந்தக் கப்பலே இன்றுவரை அங்குள்ள காவல்நிலையம்.

பெய்ஜிங்குடன் சமரசம் என்ற வழி, ஆறு ஆண்டுகள் ஓர் அதிபரின் கையில் சோதித்துப் பார்க்கப்பட்டது என்பதால் மதிப்பிட எளிது. 2016 ஜூலை 12 அன்று நடுவர் தீர்ப்பாயம், தென்சீனக் கடலின் பெரும்பகுதியை வளைத்துச் சீனா வரைந்த ஒன்பது கோட்டு எல்லை உரிமைக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று தீர்ப்பளித்தது. அதற்குச் சில நாள்கள் முன்புதான் பதவியேற்றிருந்த ரொத்ரிகோ துதெர்தே அத்தீர்ப்பை ஓரமாக வைத்துவிட்டு, அக்டோபரில் பெய்ஜிங் சென்று அமெரிக்காவிடமிருந்து பிரிவதாக அறிவித்தார். கடனும் முதலீடுமாக 2,400 கோடி டாலர் வரும் என்று சொல்லப்பட்டது. மணிலாவில் இரண்டு பாலங்களும் சில திட்டங்களும் வந்தன. அவரது சொந்தத் தீவான மிண்டனாவோவின் ரயில் பாதைக்குச் சீன நிதி கடைசிவரை வரவில்லை.

நியாயமாகச் சொன்னால், மீனவர்களுக்குச் சிறிது பயன் கிடைத்தது. 2016 அக்டோபர் இறுதியில் மசின்லோக் படகுகள் ஸ்கார்பரோவின் சுற்றுப்புறத்தில் மறுபடி மீன்பிடிக்க விடப்பட்டன. ஆனால் திட்டின் நடுவே உள்ள உட்கடல் குளத்துக்குள் நுழைவு இல்லை. 2018-ல் சீனக் காவலர்கள் படகில் ஏறி, பிடித்த மீனில் நல்லதைப் பொறுக்கி எடுத்துச் செல்வதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. 2019 ஜூன் 9 அன்று ரெக்டோ திட்டருகே ஒரு சீனக் கப்பல் மோதியதில் மூழ்கிய படகிலிருந்த 22 மீனவர்களை நடுக்கடலில் காப்பாற்றியது ஒரு வியட்நாம் படகு. துதெர்தே அதைச் சாதாரணக் கடல் விபத்து என்று தட்டிக்கழித்தார். கடலில் கிடைத்தது அனுமதி; உரிமை கிடைக்கவில்லை. அனுமதியைக் கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்; 2023 செப்டம்பரில் திட்டின் வாயிலில் 300 மீட்டர் மிதவைத் தடுப்பைக் கட்டி அப்படியே செய்தார்கள். மூன்றாவது கேள்வியிலும் இவ்வழி தேறவில்லை. 2012-ல் ஸ்கார்பரோ தகராறின்போது பிலிப்பைன்ஸ் வாழைப்பழம் சீனத் துறைமுகங்களில் தர ஆய்வு என்ற பெயரில் தேங்கி அழுகியதை, மிண்டனாவோ தோட்டக்காரர்கள் மறக்கவில்லை.

மக்கள் மனம் எங்கு நிற்கிறது என்பதில் ஐயம் இல்லை. சிங்கப்பூரின் ஐசியாஸ் நிறுவனம் 2024-ல் நடத்திய கருத்தாய்வில், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும் என்றால் அமெரிக்காவையே தேர்வோம் என்றவர்கள் பிலிப்பைன்ஸில் 83.3 விழுக்காடு. ஆசியான் முழுமைக்கும் சேர்த்து 50.5 விழுக்காட்டினர் சீனாவைத் தேர்ந்தனர். அந்த ஆய்வு அதிகாரிகள், கல்வியாளர்கள் போன்றோரிடம் எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். 'யார் நண்பன்' என்ற கேள்விக்கு வரும் விடை, 'உங்கள் ஊர் விமான நிலையத்தில் அவர்களைத் தங்கவைக்கலாமா' என்ற கேள்விக்கும் அப்படியே வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

அமெரிக்கக் கூட்டு என்ற வழியின் அடித்தளம் 1951-ன் பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம். அதன்மேல், வந்துபோகும் அமெரிக்கப் படையினர்மீது யாருடைய சட்டம் செல்லும் என்று வகுக்கும் 1998-ன் வருகைப் படைகள் ஒப்பந்தமும் 2014-ன் விரிவாக்கப் பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தமும் கட்டப்பட்டன. இந்தக் கடைசி ஒப்பந்தம் அமெரிக்கப் படைகள் தங்கும் இடங்களை அமெரிக்கத் 'தளம்' என்று அழைப்பதில்லை. 'ஒப்புக்கொண்ட இடங்கள்' என்றே எழுதியிருக்கிறார்கள். செனட்டுக்கே அனுப்பாமல் நிர்வாக உடன்பாடாகச் செய்துகொண்டதும் தற்செயலன்று. 1991-ல் எதிர்த்து வாக்களித்த ரெனே சகிசாக், விக்பெர்தோ தன்யாதா ஆகியோரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2016 ஜனவரியில் நீதிமன்றம் ஒப்பந்தம் செல்லும் என்றது. முதலில் ஐந்து இடங்கள். 2023-ல் மேலும் நான்கு. புதிய நான்கில் இரண்டு, தைவானை நோக்கியிருக்கும் ககயான் மாகாணத்தில் உள்ளன. அம்மாகாண ஆளுநராக இருந்த மனுவேல் மம்பா, தன் மக்கள் ஏவுகணைக்கு இலக்காவார்கள் என்று வெளிப்படையாக எதிர்த்தார். 2023 ஏப்ரலில் சீனத் தூதர், தைவானில் வேலை பார்க்கும் ஒன்றரை லட்சம் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்களைப் பற்றி அக்கறை இருந்தால் மணிலா தைவான் விடுதலையை எதிர்க்கட்டும் என்று பேசியது மம்பாவின் அச்சத்துக்கு வலுச் சேர்த்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு: நாடே அதை மிரட்டலாக எடுத்துக்கொண்டு கொதித்தது.

கடலில் இக்கூட்டு என்ன செய்தது? 2012-ல் இரு தரப்பும் கப்பல்களை விலக்கிக்கொள்ள அமெரிக்கா இடைநின்று பேசியது. பிலிப்பைன்ஸ் விலகியது, சீனா விலகவில்லை, அதற்குமேல் வாஷிங்டன் எதுவும் செய்யவில்லை. தென்சீனக் கடலும் 1951 ஒப்பந்தத்தின் 'பசிபிக்' எல்லைக்குள் அடங்கும் என்று அமெரிக்க வெளியுறவுச் செயலர் மணிலாவில் வெளிப்படையாகச் சொல்ல 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தண்ணீர்ப் பீரங்கியும் மோதலும் 'ஆயுதத் தாக்குதல்' ஆகுமா என்பது இன்னமும் வழுக்கலான கேள்வி. 2024 ஜூன் 17 அன்று அயுங்கினில் கோடரியும் கத்தியும் ஏந்திய சீனக் காவலர்கள் சரக்குப் படகுகளைச் சூழ்ந்த மோதலில் ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமியின் கட்டைவிரல் போயிற்று. ஒப்பந்தம் இயக்கப்படவில்லை, இயக்க வேண்டும் என்று மணிலாவும் கேட்கவில்லை. மறுபுறம், சியெரா மாத்ரேயை இழுத்துச்செல்ல சீனா இதுவரை துணியாததற்கு இந்த ஒப்பந்தமே முதன்மைக் காரணம் என்பது என் கணிப்பு.

இரண்டாவது கேள்வியே இவ்வழியின் ஆறாத புண். 2005-ல் சூபிக்கில் நடந்த பாலியல் வன்முறை வழக்கில் தண்டிக்கப்பட்ட அமெரிக்க மரைன் படைவீரர், மாகாத்தி சிறையிலிருந்து இரவோடிரவாக அமெரிக்கத் தூதரகத்துக்கு மாற்றப்பட்டார். மேல்முறையீட்டில் பின்னர் விடுதலையும் ஆனார். 2014-ல் ஒலோங்காப்போ விடுதி அறை ஒன்றில் ஒரு திருநங்கையைக் கொன்றதாகத் தண்டனை பெற்றவர் அடைக்கப்பட்டது பொதுச் சிறையில் அன்று, ராணுவ முகாமுக்குள் தனியாக அமைத்த காவலறையில். 2020-ல் அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கியவர், அமெரிக்காவைத் திட்டிப் பெயர் வாங்கிய துதெர்தே என்பதை என்னவென்று சொல்வது! அதே ஆண்டு அவர் வருகைப் படைகள் ஒப்பந்தத்தை முறிக்க அறிவிப்புக் கொடுத்து, 2021 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டார். வெளியேறும் கதவு இருக்கிறது, அதைத் திறக்கவும் முடியும் என்பது அதனால் தெரிந்தது. அவ்வகையில் மூன்றாவது கேள்வியில் அமெரிக்கக் கூட்டு பெய்ஜிங் வழியைவிட ஒரு படி மேல்.

எஞ்சியது பல நாடுகளோடு கைகோக்கும் வழி. கடலோரக் காவல்படையின் மிகப் பெரிய இரண்டு கப்பல்கள், 97 மீட்டர் நீளமுள்ளவை, ஜப்பானியக் கடனில் வந்தன. போர்க்கப்பல்கள் தென்கொரியாவிலிருந்து வந்தன. 2022-ல் ஏறத்தாழ 37.5 கோடி டாலருக்கு இந்தியாவிடம் பிரமோஸ் ஏவுகணைகள் கேட்டு, 2024 ஏப்ரலில் முதல் தொகுதியைப் பெற்றார்கள். அவற்றை இயக்கும் பொறுப்பு பிலிப்பைன்ஸ் மரைன் படையினுடையது, சாவி வேறு எவர் கையிலும் இல்லை. 2024 ஏப்ரலில் கூட்டுப் பயிற்சிக்கென வந்து வட லூசோனிலேயே தங்கிவிட்ட அமெரிக்க டைஃபான் ஏவுகணை அமைப்போடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். சீனா ஆக்கிரமிப்பை நிறுத்தினால் டைஃபானைத் திருப்பி அனுப்பிவிடுவதாக 2025 ஜனவரியில், பழைய சர்வாதிகாரியின் மகனான அதிபர் பொங்பொங் மார்கோஸ் சொன்னார். பேரத்துக்கு அது உதவும். ஆனால் அந்த ஏவுகணையைச் சுடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க அவரால் முடியாது.

ஜப்பானுடன் 2024 ஜூலையில் கையெழுத்தான பரஸ்பர அணுகல் ஒப்பந்தத்தை, அவ்வாண்டு டிசம்பரில் செனட் எதிர்த்து ஒரு வாக்கும் விழாமல் ஏற்றது. 1945 பிப்ரவரியில் மணிலாப் போரில் ஏறத்தாழ ஒரு லட்சம் குடிமக்களைப் பலிகொண்ட படையின் வாரிசுகளுக்கே இந்த வரவேற்பு. ஜப்பானியப் படையின் பாலியல் அடிமைகளாக வதைபட்டு, இன்று பாட்டிகளாகிவிட்டவர்களைப் பிலிப்பைன்ஸில் 'லோலா' என்று அழைக்கிறார்கள். அவர்களுக்காக ரோக்சாஸ் சாலையில் நிறுவப்பட்ட சிலை 2018-ல் அகற்றப்பட்டது. அந்த வரவேற்பும் இந்த அகற்றலும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்று என்னால் நம்ப முடியவில்லை.

நான்கில் எனக்கு உகந்தது இந்தக் கடைசி வழியே. அது அமெரிக்கக் கூட்டின் நிழலில்தான் வளர்கிறது என்பதையும், 1991-ல் செனட் கேட்ட கேள்விகளை அது இன்னும் தீர்க்கவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டே இதைச் சொல்கிறேன். வருகைப் படைகளின் குற்ற விசாரணை அதிகாரத்தைத் திருத்தி எழுதாமல் ஒப்பந்தங்களின் எண்ணிக்கையை மட்டும் கூட்டுவது, ஒலோங்காப்போவின் பழைய கணக்கைப் பல நாடுகளுக்குப் பகிர்ந்தளிப்பதாகவே முடியும்.

இதற்கிடையே மசின்லோக் படகுகள் திட்டுக்குள் போக முடியாமல் வெளியே வெகுதொலைவில் வலை விரிக்கின்றன. தூரம் கூடினால் டீசல் செலவும் கூடும். ஆகவே அரசின் மீன்வளத் துறையும் கடலோரக் காவல்படையும் நடுக்கடலுக்கே போய் எரிபொருளும் பனிக்கட்டியும் கொடுத்து வருகின்றன. 2025 ஆகஸ்ட் 11 அன்று அப்படி ஒரு விநியோகத்துக்குத் துணையாகச் சென்ற சுலுவான் என்ற சிறு கப்பலைத் துரத்திவந்த சீனக் காவல்கப்பல், அதே வேட்டையில் இருந்த சீனக் கடற்படையின் போர்க்கப்பலோடு மோதி முன்பகுதி நொறுங்கியது. காயம்பட்டவர்களுக்கு உதவத் தயார் என்று சுலுவானிலிருந்து வானொலியில் கூப்பிட்டார்கள்.