வடக்கே நீண்ட பயணம்: சொந்த எம்பிவியா, ஜோகூரில் எடுக்கும் பிக்கப்பா?

சிங்கப்பூரிலிருந்து ஈப்போ, பினாங்கு, அதற்கும் மேலே கிரிக் வரை குடும்பத்தோடு சாலை வழியாகப் போக எங்களுக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, வீட்டிலுள்ள ஏழு இருக்கை எம்பிவி. மற்றொன்று, ஜோகூர் பாருவில் வாடகைக்கு எடுக்கும் டபுள் கேப் பிக்கப், அதாவது கேபினில் இரண்டு வரிசை இருக்கையும் அதற்குப் பின்னால் திறந்த பின்தட்டும் உள்ள வண்டி: ஹைலக்ஸ், டி-மேக்ஸ், டிரைட்டன், நவாரா, எது கிடைக்கிறதோ அது. பல ஆண்டுகள் முதல் வழியில் போய்விட்டு இப்போது இரண்டாவதற்கு மாறிவிட்டோம். நான் பிக்கப் கட்சி. ஆனால் எல்லாக் குடும்பத்துக்கும் அது ஒத்துவராது.

பிக்கப் அவ்வளவு பிடித்திருந்தால் இங்கேயே ஒன்று வாங்கிவிடலாமே என்று என் மச்சான் கேட்டார். வேண்டாம் என்றேன். இங்கே பிக்கப் என்பது சரக்கு வாகனம். ஜி எழுத்தில் தொடங்கும் எண் தகடு, 'சி' பிரிவு சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்), விரைவுச்சாலையில் அதிகபட்சம் 70 கிலோமீட்டர் வேகம். தொழிலுக்கு வேண்டுமென்றால் அது சரி. ஆண்டில் சில வாரம் வடக்கே போவதற்காக மட்டும் அதை வாங்கி நிறுத்தி வைப்பதில் நியாயம் இல்லை.

தாள் வேலையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சொந்த வண்டியில் போனால் விஇபி (மலேசியாவுக்கான வாகன நுழைவு அனுமதி) ஒட்டு வேண்டும். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத சிங்கப்பூர் வண்டிக்கு 300 ரிங்கிட் அபராதம். ஒவ்வொரு முறை நுழையும்போதும் சாலைக் கட்டணம் 20 ரிங்கிட். வெளிநாட்டுப் பதிவெண் வண்டிக்கு ரோன்95 பெட்ரோல் விற்கக் கூடாது என்பது 2010 முதல் இருக்கும் விதி, ஆகவே ரோன்97தான் போட வேண்டும். இங்கிருந்து கிளம்பும்போது டேங்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும். வாடகை வண்டியில் இவை எதுவும் இல்லை. பதிலாக வேறொரு சிரமம் உண்டு: மலேசிய வண்டியைச் சிங்கப்பூர்வாசி இங்கே ஓட்டிவர முடியாது. அதனால் பெட்டி படுக்கையோடு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைப் பேருந்திலோ ரயிலிலோ கடக்க வேண்டும். பள்ளி விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலை அந்த வரிசையில் பெரியவர்களை நிறுத்துவது எளிதல்ல. நாங்கள் விடியற்காலையில் கடந்துவிடுவோம்.

எரிபொருள் செலவில் டீசல் பிக்கப் பெரிதாக மிச்சப்படுத்தும் என்று யாராவது சொன்னால் அது பழைய கணக்கு. தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10 அன்று டீசல் மானியத்தை எடுத்தார்கள். ஒரே நாளில் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35க்குப் போனது, அதற்குப் பிறகு சந்தை விலைதான். டீசல் வண்டியின் உண்மையான வசதி தூரம். ஹைலக்ஸுக்கு 80 லிட்டர் டேங்க். ஜோகூர் பாருவிலிருந்து தாய்லாந்து எல்லையிலுள்ள புக்கிட் காயு ஈத்தாம் வரை வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை ஏறத்தாழ 770 கிலோமீட்டர்; நிதானமாக ஓட்டினால் அந்தத் தூரத்தை ஒரே டேங்கில் முடித்துவிடலாம். வாடகைப் பணத்தைச் சேர்த்துப் பார்த்தால் எம்பிவிதான் மலிவு. பணத்தை மட்டும் வைத்து முடிவு செய்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இனி, என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிக்கிற ஒரே விஷயம்: பின் இருக்கையில் உட்காருகிறவரின் இடுப்பு.

பிக்கப்பில் நீண்ட தூரம் போய் வெறுத்துப்போனவர்களைக் கேளுங்கள். பெரும்பாலும் பின்னால் உட்கார்ந்தவர்களாக இருப்பார்கள். "முன்னால நீ சுகமா ஓட்டிட்டு வர்ற, பின்னால எங்க எலும்பெல்லாம் கழண்டு போச்சு" என்று என் அத்தை சொன்ன பிறகுதான் நான் இதை ஒழுங்காகக் கவனிக்க ஆரம்பித்தேன்.

பெரும்பாலான பிக்கப்களின் பின் சக்கரத்துக்கு மேலே இருப்பது பட்டைப்பட்டையாக அடுக்கிய இலை ஸ்பிரிங். கிட்டத்தட்ட ஒரு டன் சரக்கைத் தாங்குவதற்காகச் செய்தது அது. பின்தட்டு காலியாக இருந்தால் ஸ்பிரிங்குக்கு வளைய வேண்டிய அவசியமே வராது. சாலையின் ஒவ்வொரு ஒட்டும், பாலத்தின் ஒவ்வொரு இணைப்பும் நேராக மேலே ஏறி இருக்கைக்கு வந்துவிடும். அதோடு கேபின் அங்கேயே முடிந்துவிடுவதால் பின் இருக்கையின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தே இருக்கும், சாய்க்க முடியாது. இந்த இரண்டும் சேர்ந்தால் வடக்கு ஜோகூரின் தங்காக் போவதற்குள் வலி ஆரம்பித்துவிடும்.

ஆனால் இதில் பாதி, வண்டியின் குறையே அல்ல. அதை ஏற்பாடு செய்கிற விதத்தின் குறை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஓர் ஒட்டுத்தாள் இருக்கும். பல பிக்கப்களில் பின் டயருக்கு இரண்டு காற்றழுத்தம் போட்டிருக்கும்: பாரம் இல்லாதபோது ஒன்று, முழுப் பாரத்துக்கு ஒன்று. வாடகை வண்டிகள் அடிக்கடி முழுப் பாரத்துக்கான அழுத்தத்தில் நிற்கும், ஏனென்றால் யார் என்ன ஏற்றுவார்கள் என்று கடைக்காரருக்குத் தெரியாது. முதல் பெட்ரோல் நிலையத்திலேயே டயர் சூடாவதற்கு முன் அதை அளந்து, ஏற்றியிருக்கும் பாரத்துக்கு ஏற்றபடி குறைத்துவிடுங்கள். ஒட்டுத்தாளில் உள்ள எண்ணுக்குக் கீழே மட்டும் போகாதீர்கள். இந்த ஒரு வேலையே பின் இருக்கையின் குதிப்பைக் கணிசமாகத் தணிக்கும்.

அடுத்தது பாரம். பின்தட்டில் நூறு, நூற்றைம்பது கிலோ இருந்தால் வண்டி வேறு வண்டியாகிவிடும். நாங்கள் போகும்போது உறவினர்களுக்கு வாங்கியது, தண்ணீர்ப் போத்தல் அட்டைகள், குளிர்பெட்டி, மடக்கு நாற்காலி எல்லாம் சேர்ந்து அந்த எடை தானாகவே வந்துவிடுகிறது. கனமானவற்றைக் கேபினை ஒட்டி, பின் அச்சுக்கு முன்னால் வையுங்கள். பின்தட்டின் கடைசிக் கதவை ஒட்டி வைத்தால் முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் மிதக்கும். எல்லாவற்றையும் கயிறால் இழுத்துக் கட்டுங்கள்; நகரும் பாரம், பாரம் இல்லாததைவிட மோசம்.

இன்னொரு வழியும் உண்டு. நவாரா டபுள் கேப்பில் பின்னால் இலைப் பட்டைகளுக்குப் பதிலாகச் சுருள் ஸ்பிரிங். காலியாக ஓடும்போது வித்தியாசம் தெரிகிறது. கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், இருந்தால் அதையே எடுங்கள். அத்தைக்கு நான் அதைத்தான் தேடுவேன்.

சரி, இவ்வளவு பாடுபடுவதற்கு எம்பிவியே மேல் அல்லவா? நால்வர் அல்லது ஐவர் போகிறீர்கள், சாமான் குறைவு, நெடுஞ்சாலையை விட்டு இறங்கமாட்டீர்கள் என்றால் ஆமாம், எம்பிவிதான். ஆனால் எம்பிவியின் அந்தச் சுகம் சாமான் ஏறாத வரைக்கும்தான். ஏழு பேர் ஏறினால் மூன்றாவது வரிசைக்குப் பின்னால் இரண்டு பெட்டிக்குத்தான் இடம். மற்றவை காலடிக்கும் மடிக்கும் வந்துவிடும். மூன்றாவது வரிசை கிட்டத்தட்டப் பின் சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். அங்கே உட்காருகிறவரின் இடுப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மூன்றாவது வரிசையை மடக்கினால் சாமான் போகும், ஆனால் அது மனிதர்கள் மூச்சுவிடும் அதே இடத்தில் இருக்கும். பருவத்தில் வாங்கிய டுரியானை ஏற்றிக்கொண்டு தாப்பாவிலிருந்து கீழே வந்து பாருங்கள். பிக்கப்பில் அது பின்தட்டில் இருக்கும், கேபினில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

பின்தட்டுக்கு மழைதான் எதிரி. துணி மூடி, சுருட்டு மூடி, கடினக் கூண்டு எதுவானாலும் முழுவதும் நீர் புகாது என்று நம்ப வேண்டாம். கடைசிக் கதவின் இடுக்கு வழியாகத் தண்ணீர் வரும், செம்மண் சாலையில் தூசியும் வரும். மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகளில் அடைத்து, அதற்கு மேல் தார்பாய் விரித்தால் போதும். துணிப்பையை நேராகப் பின்தட்டில் போடாதீர்கள். நெடுஞ்சாலை ஓய்விடமான ஆர் அண்ட் ஆரில் சாப்பிட நிறுத்தும்போது கண்ணுக்குத் தெரியும்படி நிறுத்துங்கள், கடப்பிதழ், பணம், மடிக்கணினி எல்லாம் கேபினுக்குள்ளேயே இருக்கட்டும்.

எங்கள் பயணங்கள் நெடுஞ்சாலையோடு முடிவதில்லை. சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் உறவினர் வீடுகளுக்குப் போக எண்ணெய்ப்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதை. இரவு மழை பெய்தால் லாரித் தடத்தில் குழி விழுந்து கிடக்கும். எம்பிவியில் நான் தோட்ட முகப்பிலேயே நிறுத்திவிட்டு, அங்கிருந்து யாராவது மோட்டார் சைக்கிளில் வந்து பெரியவர்களை ஏற்றிக்கொண்டு போகக் காத்திருப்பேன். பிக்கப்பில் வாசல் வரை போகிறோம். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும். கிரிக்கிலிருந்து ஜெலி போகும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையும் அப்படித்தான். 1982இல் திறந்த அந்த மலைச்சாலையில் யானை கடக்கும் எச்சரிக்கைப் பலகைகள் உண்டு, பெட்ரோல் நிலையங்கள் மிகக் குறைவு, சரிவு நீளமானது. உயரமாக உட்கார்ந்து தூரம் பார்த்து, டீசல் எஞ்சினைக் கீழ் கியரில் பிடித்து இறங்கும்போது பிரேக் சூடாவதைப் பற்றிய கவலை குறைகிறது.

ஈரச் சாலை வளைவில் மட்டும் எம்பிவிக்கே என் ஓட்டு. பிக்கப் சாதாரணமாகப் பின் சக்கரத்தால் ஓடுவது. பின்தட்டு காலியாக இருந்தால் வால் லேசாகி வழுக்கும். நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுக்கொள்ளலாமே என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான பிக்கப்களில் 4எச் என்ற அந்த இயக்கம் சேறு, மணல், நன்றாக நனைந்த வழுக்குச் சாலைக்கு. காய்ந்த தார்ச் சாலையில் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று இழுத்து பல்சக்கரங்கள் கெடும். மழையில் வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

ஊருக்குள்ளும் எம்பிவி சுலபம். ஹைலக்ஸ் 5.3 மீட்டர் நீளம். நமக்குப் பழகிய கார் நிறுத்தக் கட்டம் 4.8 மீட்டர். ஜார்ஜ் டவுன் சந்துகளில் அந்த அரை மீட்டர் ஒவ்வொரு முறையும் தெரியும்.

பிக்கப்பில் தாய்லாந்துக்குள் நான் ஓட்டியதில்லை. சொந்த வண்டியில் ஹாட்யாய் வரை போயிருக்கிறேன். வாடகை வண்டியை எல்லை தாண்டிக் கொண்டுபோக உரிமையாளரின் அனுமதிக் கடிதம் வேண்டும், எல்லாக் கடையும் தருவதில்லை. அந்தப் பக்கத்துக்குத் தனியாகக் கட்டாயக் காப்புறுதியும் எடுக்க வேண்டும். அந்தப் பயணம் என்றால் இன்னும் எம்பிவியைத்தான் எடுப்பேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கிழக்குக் கரையிலும் நான் பிக்கப் ஓட்டியதில்லை, ஆகவே வெள்ளத்தில் அது எப்படி என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

வாடகைக்கு எடுக்கிறவர்கள் கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். மாற்றுச் சக்கரம் பின்தட்டுக்கு அடியில் சங்கிலியிலோ கம்பியிலோ தொங்கும். இறக்குவதற்கு நீளக் கம்பியைத் துளைக்குள் விட்டுச் சுற்ற வேண்டும். அந்தக் கம்பி வண்டியில் இருக்கிறதா, துருப்பிடிக்காமல் சுற்றுகிறதா என்று அங்கேயே ஒருமுறை இறக்கிப் பாருங்கள். காப்புறுதியில் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு, தோட்டப் பாதையில் நேரும் சேதத்துக்கு அது செல்லுமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.