டைல்ஸில் துளை போட எந்த பிட்?

டவல் ராடு மாட்ட வந்தவர் டிரில் மெஷினை ஹேமரில், அதாவது சுற்றிக்கொண்டே இடிக்கும் முறையில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். 'டக்' என்றது. துளையிலிருந்து மூலை வரை முடி போல ஒரு கோடு. "ஒயிட் சிமெண்ட் வைச்சா தெரியாது சார்" என்றார். நன்றாகவே தெரிகிறது. அதே டைல்ஸைத் தேடிப் போனால் அந்த டிசைன் இப்போது வருவதே இல்லையாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் துளை போடும் வேலை என்னுடையது.

மெஷினில் மாட்டித் துளை போடும் முனைதான் பிட். அதை வாங்கும் முன் டைல்ஸ் என்ன வகை என்று பாருங்கள். பரணில் கிடக்கும் மிச்சத் துண்டின் பின்பக்கம் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சட்டென்று உறிஞ்சினால் செராமிக். மேல் பூச்சுதான் கண்ணாடி மாதிரி, உள்ளே மெத்தென்ற சுட்ட மண். தண்ணீர் அப்படியே நின்றால் விட்ரிஃபைடு. அது அரை சதவீதம்கூட நீர் உறிஞ்சாத அளவுக்கு இறுகியது.

மெஷினோடு வரும் சாதா கான்க்ரீட் பிட் இடித்து உடைப்பதற்கென்றே செய்தது. ஹேமரை அணைத்துவிட்டு, பொறுமையாகச் சுற்றினால் செராமிக்கில் இறங்கும். ஆனால் வழுக்கும், பூச்சு ஓரத்தில் பொரியும். விட்ரிஃபைடில் முனை மழுங்கிச் சூடாவதுதான் மிச்சம்.

அம்பு முனை பிட் வேறு ரகம். ஹார்டுவேர் கடையில் கண்ணாடி பிட் என்று கேட்டாலும் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். செராமிக் சுவருக்கு என் ஓட்டு இதற்கே. மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, அதன்மேல் குறி வைத்து, மெதுவாக ஓட்ட வேண்டும். முதலில் கிறீச்சென்று கத்தும். பூச்சைத் தாண்டியதும் சத்தம் அடங்கி, டைல்ஸின் மண் தூளாகக் கொட்டும். தூள் சிமெண்ட் நிறத்துக்கு மாறியதும் நிறுத்திவிட்டு, உள்ளே போக கான்க்ரீட் பிட் மாட்டலாம். செங்கல் சுவர் என்றால் அப்போதும் ஹேமர் தேவைப்படாது.

விட்ரிஃபைடு என்றால் டைமண்ட் பிட்தான், வேறு பேச்சே இல்லை. குழாய் மாதிரி உள்ளே பொள்ளலாக இருக்கும். நடுமுனை கிடையாது என்பதால் நேராக வைத்தால் சுவரெல்லாம் ஓடி கோலம் போடும். சாய்த்து வைத்து, பிறை போல ஒரு பள்ளம் விழுந்ததும் மெல்ல நிமிர்த்த வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் முனை கருகிவிடும். ஒயர் உள்ள மெஷின் பக்கத்தில் தண்ணீர் பீய்ச்சுவது வம்பு. நான் அடிக்கடி நிறுத்தி, பிட்டை மக்கில் முக்கி எடுக்கிறேன். பேட்டரி மெஷின் இருந்தால் நல்லது. டைல்ஸைத் தாண்டியதும் கழற்றிவிடுங்கள். சிமெண்டுக்குள் ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

இரண்டு டைல்ஸுக்கு நடுவே உள்ள ஜாயின்டில் போடலாமே என்று சிலர் சொல்வார்கள். நம் ஊர் பாத்ரூம்களில் அந்த இடைவெளி பெரும்பாலும் 2 மில்லிமீட்டர்கூட வராது. அதில் 6 மில்லிமீட்டர் பிட்டை விட்டால் ஒன்றுக்கு இரண்டு டைல்ஸின் ஓரம் போகும்.

துளையே வேண்டாம் என்றால் ஒட்டும் ஹூக். வாடகை வீட்டுக்கு அதுதான் மரியாதை. உப்புத் தண்ணீர்க் கறையைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு ஒட்டினால் துண்டு, பிரஷ் தாங்கும். வெற்றிடத்தால் பிடிக்கும் ரப்பர் வகை சொரசொரப்பான டைல்ஸில் நிற்கவே நிற்காது. கீசருக்கு இது எதுவும் ஆகாது. 25 லிட்டர் கீசரில் தண்ணீரே 25 கிலோ. சுவருக்குள் இறங்கிய போல்ட்தான் தாங்கும்.

எந்த பிட்டானாலும் முதலில் விரலால் தட்டிப் பாருங்கள். கொத்தனார் நடுவில் மட்டும் கலவையை அப்பி ஒட்டியிருந்தால் ஓரங்களில் 'டொக் டொக்' என்று கேட்கும். அங்கே துளை வேண்டாம். ஷவர், குழாய்களுக்கு நேர் மேலும் கீழும் பைப் ஓடும், அந்தக் கோட்டையும் விட்டுவிடுங்கள்.

துளை நன்றாக விழுந்த பிறகும் டைல்ஸ் விரிசல் விடுவது உண்டு. அதற்குக் காரணம் ஸ்க்ரூ பிடிப்பதற்காகத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக். ஸ்க்ரூவை முடுக்க முடுக்க அது விரியும். பிளக் டைல்ஸ் மட்டத்திலேயே நின்றால் அந்த விசை முழுக்க டைல்ஸ்மேல். டைல்ஸில் மட்டும் துளையை ஒரு நூல் பெரிதாகப் போட்டு, பிளக்கை ஆணியால் தட்டி டைல்ஸைத் தாண்டி உள்ளே இறக்கிவிடுங்கள். ஸ்க்ரூ அதற்கேற்ற நீளத்தில் இருக்க வேண்டும். கடைசி அரைச் சுற்று மெஷினால் வேண்டாம், கையால் முடுக்கினால் போதும்.