கண்டெடுத்த மோதிரத்துக்கு வயது சொல்லும் இலவசச் சேவை: ஒரு மதிப்பீடு

இங்கிலாந்தில் மெட்டல் டிடெக்டருடன் வயல்களில் நடக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு, மண்ணிலிருந்து ஒரு பழைய மோதிரம் கிடைத்தால் முதலில் எழும் கேள்வி அதன் விலை என்ன என்பதுதான். எனக்கும் அப்படித்தான் எழுந்தது. அந்தக் கேள்வியோடு முதலில் தவறான இடத்துக்குப் போய், பிறகு ‘போர்ட்டபிள் ஆண்டிக்விட்டீஸ் ஸ்கீம்’ என்ற அரும்பொருள் பதிவுத் திட்டத்தின் அலுவலரிடம் போனேன். இந்த மதிப்பீடு அந்த இரண்டாவது இடத்தைப் பற்றியது.

மோதிரம் கிடைத்தது கோதுமை அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்ற ஒரு வயலில். வயலின் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தேன். கிடைப்பதில் ஆளுக்குப் பாதி என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருந்தது. ஒரு சாண் ஆழத்தில், களிமண் கட்டி ஒன்றை உடைத்தபோது, கல் எதுவும் பதிக்காத ஒரு சாதாரண வளையம் வெளியே வந்தது. வெளிப்பக்கத்தில் வேலைப்பாடு எதுவும் இல்லை. உட்பக்கத்தில் மண் அடைத்த சில கீறல்கள் தெரிந்தன. அவை எழுத்துகள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அதை ஊரில் உள்ள ஒரு நகைக்கடைக்குக் கொண்டுபோனது என் தவறு. கடைக்காரர் மெருகுத்துணியால் வெளிப்பக்கத்தை நன்றாகத் தேய்த்துவிட்டு, பூதக்கண்ணாடியில் உள்ளும் புறமும் பார்த்து, தரமுத்திரை எதுவும் இல்லை, ஆகவே இது உருக்கும் விலைக்கு மேல் போகாது என்றார். உரைகல்லில் உரைத்து மாற்றுப் பார்க்கும் ஆசாரிகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, தேய்ப்பது தவறு என்று அந்த நேரத்தில் தோன்றவே இல்லை.

அரும்பொருள் பதிவுத் திட்டம் 1997-இல் சோதனை முயற்சியாகத் தொடங்கப்பட்டது. இங்கிலாந்தில் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் வேல்ஸில் அந்நாட்டின் தேசிய அருங்காட்சியகமும் இதை நடத்துகின்றன. ‘ஃபைண்ட்ஸ் லையசன் ஆஃபீசர்’ எனப்படும் அலுவலர்கள் சுமார் 40 பேர் வட்டாரவாரியாகப் பணியாற்றுகிறார்கள். பொதுமக்கள் கண்டெடுத்த 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இதுவரை இவர்களது தரவுத்தளத்தில் ஏறியிருக்கின்றன. அதை எவரும் இணையத்தில் திறந்து பார்க்கலாம். இந்தச் சேவைக்குக் கட்டணம் கிடையாது.

முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி நேரம் வாங்கிக்கொண்டு போனேன். அலுவலர் முதலில் கேட்டது மோதிரத்தை அல்ல, அது கிடைத்த இடத்தின் வரைபடக் குறியீட்டை. பத்து மீட்டர் துல்லியத்தில் நான் குறித்து வைத்திருந்ததைப் பார்த்தபோதுதான் அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. (அவ்வளவு துல்லியமான விவரம் பொதுமக்களுக்குக் காட்டப்படுவதில்லை என்பதால், கண்ட கண்ட ஆட்கள் இரவில் வந்து வயலைத் தோண்டிவிடுவார்களோ என்று உரிமையாளர் பயப்பட வேண்டியதில்லை.) பிறகு எடை பார்த்தார், விட்டத்தை அளந்தார், உருப்பெருக்கியின் கீழ் வைத்து, மரக்குச்சி ஒன்றால் உட்பக்கத்து மண்ணை அசைத்தும் அசைக்காமலும் நகர்த்தினார்.

திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. ‘காட் அபவ் இன்க்ரீஸ் அவர் லவ்’, அதாவது மேலிருக்கும் கடவுள் எங்கள் அன்பைப் பெருக்கட்டும். காதலர்களும் மணமக்களும் ஒருவருக்கொருவர் கொடுத்த இவ்வகை மோதிரத்துக்கு ‘போஸி மோதிரம்’ என்று பெயர். வாசகம் பிறர் கண்ணில் படாமல் விரலின் தோலோடு ஒட்டிக் கிடக்க வேண்டும் என்பதற்காகவே உட்பக்கத்தில் பொறித்தார்கள். ‘எங்கள்’ என்று பொருள்படும் ‘அவர்’ என்ற ஆங்கிலச் சொல்லில் ‘யூ’ வர வேண்டிய இடத்தில் ‘வி’ வெட்டப்பட்டிருப்பதையும், எழுத்துகள் எல்லாம் ரோமானியப் பெரிய எழுத்துகளாக இருப்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். சாய்வெழுத்து பெருவழக்காகும் முன் வெட்டப்பட்டது என்பதற்கு இவை குறிகள் என்றும், பதினாறாம் நூற்றாண்டின் இறுதிக்கும் பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடைப்பட்டதாக இருக்கலாம் என்றும் சொன்னார். முத்திரை இல்லாதது குறையே அல்ல; அந்தக் காலத்துச் சிறு நகைகள் பெரும்பாலும் முத்திரை இல்லாமலேதான் கிடைக்கின்றன.

அதற்குப் பிறகு அவர் காட்டியது என்னைச் சுட்டது. எழுத்துகளின் பள்ளங்களில் மஞ்சள் நிறமாகப் பொன் முலாம் மின்னியது. வெளிப்பக்கத்தில் ஓரங்களில் மட்டும் அது ஒட்டிக்கொண்டிருக்க, நடுவில் புதுப் பளபளப்போடு வெறும் வெள்ளி இளித்தது. மெருகுத்துணி போன தடம் அது. கண்டெடுத்ததைத் தேய்க்கக் கூடாது, புளியோ சோப்போ எதுவும் போடக் கூடாது, மண்ணோடு சேர்த்து ஒரு சிறு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்தால் போதும் என்பதை அவர் கடிந்துகொள்ளாமல் சொன்னார். மோதிரக் கையால் குட்டுப்பட்டது போல இருந்தது.

அடுத்தது சட்டம். 300 ஆண்டுகளுக்கு மேற்பட்டதாகவும் எடையில் குறைந்தது 10 சதவீதம் பொன்னோ வெள்ளியோ உள்ளதாகவும் இருக்கும் மோதிரம், 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி புதையல். அது புதையலாக இருக்கக்கூடும் என்று தெரிந்த 14 நாள்களுக்குள் கரோனரிடம், அதாவது மரண விசாரணை அதிகாரியிடம், தெரிவிக்க வேண்டும். சாவை விசாரிப்பவரிடம் கல்யாண மோதிரத்தைக் கொண்டுபோவது வேடிக்கைதான். ஆனால் இடைக்காலத்திலிருந்தே அது அவர் வேலை. நம் ஊரில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பத்து ரூபாய்க்கு மேற்பட்டதைக் கலெக்டரிடம் தெரிவிக்கச் சொல்கிறது என்பது நினைவுக்கு வந்தது. இங்கே படிவம், கடிதம், மோதிரத்துக்கு ரசீது எல்லாவற்றையும் அலுவலரே பார்த்துக்கொண்டார்; நான் கையெழுத்து மட்டும் போட்டேன்.

இந்தச் சேவையிடம் எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அலுவலர்கள் விலை சொல்ல மாட்டார்கள். ஏதாவது ஓர் அருங்காட்சியகம் புதையலை வாங்க விரும்பினால் மட்டுமே தனிக்குழு ஒன்று விலையை மதிப்பிடும். அந்தத் தொகை வழக்கமாகக் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பகிரப்படும். 1700-க்குப் பிந்தைய பொருள்களைத் தேர்ந்தெடுத்துத்தான் பதிவு செய்கிறார்கள் என்பதால், விக்டோரியா காலத்து மோதிரத்தோடு போகிறவருக்கு ஏமாற்றம் நேரலாம். அவசரக்காரருக்கும் இது ஒத்துவராது. புதையல் நடைமுறை முடிய மாதக்கணக்கில் ஆகும், ஓராண்டைத் தாண்டுவதும் உண்டு. அந்த மோதிரத்தை அணிந்தவர் யார் என்று கேட்டேன். வாசகம் அன்று பலரும் பயன்படுத்திய ஒன்று, முதலெழுத்துகளும் பொறிக்கப்படவில்லை, அதனால் சொல்ல வழியில்லை என்றார். யாராவது ஒரு பிரபுவின் பெயரைச் சொல்லி என்னை மகிழ்வித்திருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. ஐந்துக்கு ஐந்து கொடுக்க எனக்கு அது ஒன்றே போதும்.

எங்கள் மோதிரத்தை எந்த அருங்காட்சியகமும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு அது திரும்பி வந்தபோது, அதன் பதிவு எண் எழுதிய சீட்டும் உடன் இருந்தது. வயலின் உரிமையாளர் அதைத் தன் சுண்டுவிரலில் போட்டுப் பார்த்தார். முதல் கணுவைத் தாண்டவில்லை.