ரீஸ்ட்ராப் பெடல் பட்டை: ஆறு வாரம் ஓட்டிய பிறகு

ஃபிக்ஸி சைக்கிளில் ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றுகிற வரை பெடலும் சுற்றும், நம் கால் ஓய்ந்தாலும் அது ஓயாது. தெரிந்தும் இரண்டு மாதம் வெறும் பெடலோடுதான் ஓட்டினேன். ஒரு நாள் மேம்பால இறக்கத்தில் கால் நழுவி, சுற்றி வந்த பெடல் முன்னங்கால் எலும்பில் ஒரு போடு போட்டது. அன்று ராத்திரியே காலைப் பெடலோடு பிடித்து வைக்கும் பட்டை தேட ஆரம்பித்தேன்.

முதலில் இணையத்தில் 12 வெள்ளிக்கு ஒரு ஜோடி. பெயர் வேண்டாம். பிடிமானத்தில் குறையில்லை, ஆனால் காலை எடுத்ததும் துவண்டு பெடலோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம்தான் ரீஸ்ட்ராப். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் தைக்கிறார்கள். 2010இல் அந்த நிறுவனம் தொடங்கியதே பெடல் பட்டையை வைத்துத்தான். விலை பல மடங்கு. கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரிகிறது: பட்டை விறைப்பாக இருக்கிறது, கால் இல்லாதபோதும் வாய் திறந்தே நிற்கிறது. வாங்குகிறவர்கள் எல்லாரும் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்றுதான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், காசு அந்தத் திறந்த வாய்க்குத்தான்.

பட்டையைக் கோக்க, பெடலின் சட்டத்தில் இடைவெளி இருக்க வேண்டும். ஷூவைப் போட்டுக்கொண்டே வெல்க்ரோவை அளவு பாருங்கள். நான் வெறுங்காலோடு அளவெடுத்துவிட்டு மறுநாள் எல்லாவற்றையும் அவிழ்த்தேன்.

பழகியது எங்கள் புளோக் பக்கத்துப் பலமாடிக் கார் நிறுத்தத்தின் மேல்தளத்தில். காலை ஆறரைக்கு அங்கே ஒரு வண்டி இருக்காது. நின்ற இடத்தில் பெடலைப் பின்னால் சுற்ற முடியாதே, அதனால் பின்சக்கரத்தைத் தூக்கி வலது பெடலை மேலே கொண்டுவர வேண்டும். காலைச் சற்றுக் கோணலாக நுழைத்து நேராக்கினால் பட்டை தானாக இறுகும். இதுவரை சுலபம். வம்பு இடது காலில். அதற்குள் சைக்கிள் நகர்ந்துவிடும், பெடல் சுற்றும், பட்டையின் கனத்தில் அது தலைகீழாகத் தொங்கும். ஷூ நுனியால் பெடலின் பின்விளிம்பைத் தட்டினால் புரளும். புரண்ட அந்த நொடியில் காலை உள்ளே தள்ள வேண்டும். குனிந்து பார்த்தவரை எனக்கு வரவேயில்லை. பார்வையைச் சாலையில் வைத்துக் காலாலேயே தடவித் தேடியபோது, நாலாவது நாள் வந்தது.

விழுந்தது கழற்றும்போது. காப்பிக்கடை வாசலில் பிரேக் பிடித்து நின்று, பழைய பழக்கத்தில் காலைப் பக்கவாட்டில் எடுத்தேன். வரவில்லை. வெட்டிய வாழை மாதிரி மெதுவாகச் சாய்ந்தேன். தே தாரிக் குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “மெதுவா தம்பி, அவசரமில்ல” என்றார். நான் ஏற்கெனவே தரையில் இருந்தேன். காலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும், செருப்பைக் கழற்றுவது மாதிரி, அதுவும் நிற்பதற்கு முன்பே.

சிங்கப்பூரில் பொதுப் பாதைக்குக் கைப்பிரேக் கட்டாயம். பட்டை வந்துவிட்டது என்று பிரேக்கைக் கழற்றிவிடாதீர்கள். ஆனால் வேகத்தைக் குறைக்கப் பட்டை ரொம்ப உதவுகிறது. எழும்பி வரும் பெடலை ஒரு கால் அழுத்த, இறங்கும் பெடலை இன்னொரு கால் மேலே இழுத்துப் பிடிக்கிறது. ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குள் பிரேக்கைத் தொடாமலே நடை வேகத்துக்கு இறங்க முடிகிறது.

எந்தப் பட்டை போட்டாலும் சிலிப்பரோடு ஓட்ட முடியாது. காப்பி வாங்க மட்டும் மனைவியின் மடக்கு சைக்கிளை எடுத்துக்கொள்கிறேன்.